கேள்வி பதினேழு

ஆறு பேர். ஆறு விசிட் விசா.
மங்காஃபிலிருந்து யாரோ ஒருவரின் மருமகன் ஓட்டிய வேனில்
தாவரவியல் முன்னால், வரலாறு ஜன்னலோரம்,
பொருளாதாரம் வழக்கம்போல் தாமதம்.
பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை நாங்கள்.
முப்பது வருஷம் எதைக் கரும்பலகையில் எழுதினோமோ
அதுதான் பேர்.
நான் புள்ளியியல்.

பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின்
குவைத்தில் பகல் மிக நீளம்.
மீன் சந்தை பார்த்தாயிற்று. கோபுரம் பார்த்தாயிற்று.
"ஜனங்க அபிப்பிராயத்தை எல்லாம்
பெட்டியில போட்டு வச்சிருக்காங்களாம், இலவசம்"
என்றது வரலாறு.
இலவசத்துக்கு மேல் விவாதம் ஏது?

ஷுவைக்கில், டயர் கடைகளுக்குப் பின்னால்.
வெளியே நாற்பத்துமூன்று டிகிரி, உள்ளே பதினெட்டு.
சேலைத் தலைப்பைக் காதுவரை இழுத்துக்கொண்டது தாவரவியல்.
ஹெஸ்ஸா என்ற பெண், எங்கள் கடைசி மாணவிகளின் வயது,
வெள்ளைக் கையுறை கொடுத்தாள்.
கல்யாண வீட்டில் சந்தனம் எடுப்பதுபோல்
ஆளுக்கொரு ஜோடி எடுத்தோம்.

போரில் கணினிகள் போய்விட்டன,
இந்தத் தாள்கள் மட்டும்
ஒரு குமாஸ்தாவின் கட்டிலுக்கு அடியில் தப்பின என்றாள்.
பெட்டியின் முதுகில்: 1990, ஜூலை.
ஆயிரத்து இருநூறு படிவம். கேள்வி பதினேழு:
அடுத்த வருஷம் உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கும்?
மேம்படும் ஒன்று, அப்படியே இரண்டு, மோசமாகும் மூன்று,
தெரியாது எட்டு, சொல்ல விருப்பமில்லை ஒன்பது.

மேம்படும் என்றவர்கள் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர்.
"அடுத்த மாசம் ரெண்டாம் தேதி…"
என்று தொடங்கிய வரலாறு
கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தது.

அறுநூற்றுப் பதினாலாவது தாள்:
ஆண். இருபத்தொன்பது. இந்தியர்.
வீட்டில் பேசுவது தமிழ். ஹவல்லி.
குளிர்பதனக் கிடங்கில் கணக்கு எழுதுபவர்.

என் தம்பி இசக்கிமுத்துவுக்கு அப்போது இருபத்தொன்பது.
ஹவல்லி. கிடங்கு. கணக்கு.
செப்டம்பரில் அம்மான் வழியாக வந்து இறங்கினான்,
ஒரு பையும், யாருடையதோ ஒரு கம்பளியுமாக.

"பேர் கேட்காதே, பேர் கேட்டால் பொய் வரும்."
எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்.
இப்போது கையுறைக்குள் என் விரல்
தாளின் நாலு ஓரத்திலும் பேரைத் தேடியது.
கேள்வி பதினேழில் எட்டு.
தெரியாது.

கிளம்பும்போது நீட்டினார்கள்:
வருகை திருப்தியா, ஒன்று முதல் ஐந்து வரை.
ஆறு படிவத்தையும் பொருளாதாரமே நிரப்பியது,
ஒரே பேனா, எல்லாவற்றிலும் ஐந்து.
நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி தூத்துக்குடிக்குப் போன் போட்டேன்.
"ஆமாக்கா, ஒரு மிஸ்ரி பையன் வந்தான்.
சட்டை பூரா வேர்வை. தண்ணி கேட்டான்.
கொஞ்சம் உள்ள நின்னுக்கிடட்டுமான்னான்.
வெங்காய மூட்டைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே
என்னத்தையோ கேட்டான், என்னத்தையோ எழுதுனான்."
"அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு கேட்டானா?"
"கேட்டிருப்பான். நல்லாருக்கும்னு சொல்லிருப்பேன்.
வசந்தா கல்யாணத்துக்கு நகைக்குச் சொல்லி வச்சிருந்தேன்லா."

அப்படியானால் அது வேறொரு தமிழன்.
அல்லது குளிரில் அந்தப் பையனின் கை
ஒன்றை விட்டு எட்டைச் சுழித்திருக்கலாம்.
அல்லது தம்பி அன்றைக்கு ஒன்று சொல்லி,
முப்பது வருஷமாய் வேறொன்றை நினைவில் வைத்திருக்கலாம்.
இதற்கு என் பாடத்தில் பேர் உண்டு. மறுமொழிப் பிழை.
ஐந்து மதிப்பெண் கேள்வி.

அவன்தான் கேட்டான், கொஞ்ச நேரம் கழித்து:
"அக்கா, அந்தப் பையன் என்ன ஆனான்?"

தாளின் அடியில், பேட்டி எடுத்தவர் என்ற கட்டத்திலும்
பேர் இல்லை.
முப்பத்தொன்று என்று போட்டிருந்தது.
சொன்னேன்.
"முப்பத்தொன்னா" என்றான்,
அந்தப் பையனின் வயதைச் சொல்கிறேன் என்று நினைத்து.